பூலை 50 ஆக்கியும் கனெக்‌ஷன் போதவில்லை, இன்னும் கூட்டலாமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் ஆர்டர் சேவை ஜாவா 17, ஸ்பிரிங் பூட், ஹைபர்னேட், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் ஓடுகிறது. மொத்தம் நான்கு சர்வர்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு சர்வருக்கு நொடிக்கு 8 முதல் 10 ஆர்டர்கள் வரும். அந்த நேரத்தில் "கனெக்‌ஷன் இஸ் நாட் அவைலபிள், ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் ஆஃப்டர் 30000 எம்எஸ்" என்று, டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் பூலான ஹிகாரியின் லாகில் கொட்டுகிறது. பூல் அளவை 10-லிருந்து 50 ஆக்கினோம், மினிமம்-ஐடில் (சும்மா இருக்கும்போதும் திறந்து வைக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை) 5 வைத்தோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் டேட்டாபேஸே "டூ மெனி கிளையன்ட்ஸ்" என்று கையை விரித்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது. ஆர்டரைப் பதிவு செய்யும் மெத்தடுக்குள்ளேயே பேமென்ட் சேவையை அழைக்கிறோம், அதற்கு சராசரியாக ஒன்றரை நொடி ஆகிறது. தணிக்கைப் பதிவை மட்டும் "ரிக்வயர்ஸ் நியூ" என்று தனி டிரான்சாக்‌ஷனில் எழுதுகிறோம். போஸ்ட்கிரெஸின் மேக்ஸ்-கனெக்‌ஷன்ஸை 500 ஆக்கலாமா? எங்கள் கோடில் கனெக்‌ஷன் கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

500 ஆக்க வேண்டாம். இப்போது இருக்கும் 50-ஐயும் மறுபடி 10-க்கே கொண்டு வரலாம். ஆனால் அதை இன்றே செய்துவிடாதீர்கள். கனெக்‌ஷனைத் தேவையில்லாமல் பிடித்து வைத்திருக்கும் இடங்கள் உங்கள் கடிதத்திலேயே இரண்டு தெரிகின்றன, மூன்றாவது ஒன்றும் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போடுவோம். ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் வெளியே போயிருக்கும் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: நொடிக்கு எத்தனை கோரிக்கை வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி பிடித்து வைத்திருக்கிறது. 10 ஆர்டர், தலைக்கு 1.5 நொடி என்றால் 15 கனெக்‌ஷன். பூலில் இருந்ததோ 10. அந்தப் பத்தால் நொடிக்கு ஆறு ஏழு ஆர்டர்களுக்கு மேல் கையாள முடியாது. மீதி மூன்று சொச்சம் ஒவ்வொரு நொடியும் வரிசையில் போய் நிற்கும். 30 நொடியில் வரிசையின் நீளம் சுமார் 100. கூட்டம் தொடர்ந்தால் வரிசை நீண்டுகொண்டே போய், ஒருவரின் காத்திருப்பு 30 நொடியைத் தொடும்போது டைம்அவுட் அடிக்கிறது, லாகில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். பேமென்ட்டோடு சம்பந்தமே இல்லாத சாதாரணப் பட்டியல் பக்கமும் அதே வரிசையில்தான் நிற்கிறது என்பதால் "முழு சைட்டும் நின்றுவிட்டது" என்று புகார் வந்திருக்கும்.

அந்த 1.5 நொடியில் டேட்டாபேஸ் உண்மையில் வேலை செய்தது எவ்வளவு? ஒரு இன்செர்ட், ஓரிரண்டு அப்டேட். தாராளமாக 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேமென்ட் அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்துவிட்டால் அதே 10 ஆர்டருக்குத் தேவைப்படுவது சராசரி 0.2 கனெக்‌ஷன். 15 எங்கே, 0.2 எங்கே.

50 வைத்தபோது இரண்டு நாள் ஓடியதற்கும் இதே கணக்குதான் காரணம். 15 தேவை, 50 இருக்கிறது, பிரச்சினை கண்ணில் படாது. மூன்றாம் நாள் பேமென்ட் சேவை கொஞ்சம் தள்ளாடி 1.5 நொடி 5 நொடி ஆகியிருந்தால் போதும், ஒரு சர்வருக்கு 50, நான்குக்கு 200. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. அதிலும் 3 சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டது, ஆக உங்களுக்குக் கிடைப்பது 97. மினிமம்-ஐடிலை 5 என்று குறைத்து வைத்ததால்தான் இந்தக் கணக்கு முதல் நாளே பிடிபடவில்லை. அதைத் தனியாகக் குறிப்பிடாமல் விட்டால் ஹிகாரி பூல் அளவு முழுவதையும் தொடக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளும். 4 பெருக்கல் 50 அடங்காது என்பது டிப்ளாய் செய்த சில நிமிடங்களில் லாகில் தெரிந்திருக்கும். நிலையான அளவுள்ள பூல்தான் நல்லது. கூட்டம் வரும் நேரம் பார்த்துப் புதுக் கனெக்‌ஷன் திறப்பது எரிகிற வீட்டில் கிணறு வெட்டுகிற வேலை.

வரம்பை 500 ஆக்கினால் என்ன ஆகும்? போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷன் என்பது சர்வரில் ஒரு தனி ப்ராசஸ். எட்டு கோர் உள்ள இயந்திரத்தில் 200 ப்ராசஸ் ஒரே நேரத்தில் குவெரி ஓட்டினால் எட்டுதான் ஓடும், மற்றவை சிபியு, டிஸ்க், லாக் (பூட்டு) என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எல்லாமே மெதுவாகும். ஹிகாரியை உருவாக்கியவர்கள் தொடக்கப் புள்ளியாகச் சொல்லும் சூத்திரம் டேட்டாபேஸ் இயந்திரத்தின் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவது. எட்டு கோர், ஒரு டிஸ்க் என்றால் 17 வரும். கவனியுங்கள், இது எல்லா சர்வர்களுக்கும் சேர்த்து, ஒரே நேரத்தில் வேலை செய்யும் கனெக்‌ஷன்களின் எண்ணிக்கை. அந்தக் காலத்து டிஸ்க்கை மனதில் வைத்துப் போட்ட சூத்திரம் என்பதால் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்ள வேண்டாம். பூல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

இனி தணிக்கைப் பதிவு. உங்கள் அமைப்பில் அதிக ஆபத்தான இடம் இதுதான் என்பது என் கருத்து, பேமென்ட் அழைப்பைவிடவும். "ரிக்வயர்ஸ் நியூ" என்றால் வெளி டிரான்சாக்‌ஷனை ஓரமாக நிறுத்திவிட்டுப் புது டிரான்சாக்‌ஷன் தொடங்குவது. நிறுத்தப்பட்டது தன் கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டேதான் நிற்கும். உள்ளே இருப்பதற்கு இரண்டாவது கனெக்‌ஷன் வேண்டும். பூலில் 10 இருக்கிறது, 10 த்ரெட்கள் (ஆளுக்கொரு கோரிக்கையைக் கையாளும் ஓட்டங்கள்) ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஆளுக்கொன்று எடுத்துவிட்டன, பத்தும் தணிக்கைக்கு இன்னொன்று கேட்கின்றன. காலியாக ஒன்றும் இல்லை, யாரும் திருப்பித் தரப்போவதும் இல்லை. 30 நொடி அப்படியே உறைந்து நின்று பத்தும் ஒன்றாகச் சாகும். டேட்டாபேஸின் டெட்லாக் கண்டறிதல் இதைப் பிடிக்காது. இரண்டாவது கோரிக்கை டேட்டாபேஸ் வரை போகவே இல்லையே! இந்த நேரத்தில் டேட்டாபேஸ் சிபியு வரைபடம் தரையில் படுத்திருக்கும், பயன்பாடு மட்டும் நின்றிருக்கும். உங்கள் பிழை வந்த நேரத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், அப்படி இருந்தால் குற்றவாளி இதுதான்.

இந்த முட்டுச்சந்து ஒருபோதும் வராது என்று உறுதி சொல்ல ஒரு கணக்கு உண்டு: த்ரெட் எண்ணிக்கையை, ஒரு த்ரெட் ஒரே நேரத்தில் பிடிக்கும் கனெக்‌ஷனில் ஒன்றைக் கழித்துப் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வரான டாம்கேட்டின் இயல்பு 200 த்ரெட், ஒவ்வொன்றும் இரண்டு கனெக்‌ஷன் என்றால் 201. ஒரு சர்வருக்கு! ஆக, பூலைப் பெரிதாக்கி இதிலிருந்து தப்புவது நடக்காத காரியம். இரண்டாவது கனெக்‌ஷனே வேண்டாம் என்று செய்வதுதான் வழி.

தணிக்கைப் பதிவு ஆர்டரோடு சேர்ந்தே நிலைக்கலாம், சேர்ந்தே அழியலாம் என்றால் அதே டிரான்சாக்‌ஷனில் எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது. ஆர்டர் ரோல்பேக் (ரத்து) ஆனாலும் தணிக்கை நிற்க வேண்டும் என்றால் வெளி டிரான்சாக்‌ஷன் முழுவதும் முடிந்த பிறகு, அதை அழைத்த மெத்தடிலிருந்து எழுதுங்கள். இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கின் டிரான்சாக்‌ஷனல் ஈவன்ட் லிஸனரில் "ஆஃப்டர் கமிட்" என்று போட்டு, அதற்குள் ரிக்வயர்ஸ் நியூ வைப்பார்கள். கமிட் ஆகிவிட்டது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் பழைய கனெக்‌ஷன் இன்னும் பூலுக்குத் திரும்பியிருக்காது. சுத்தப்படுத்தும் படி லிஸனர்களுக்குப் பிறகுதான் வரும். மறுபடி இரண்டு கனெக்‌ஷன், மறுபடி அதே முட்டுச்சந்து. லிஸனர்தான் வேண்டும் என்றால் வரிசை அளவு கட்டுப்படுத்தப்பட்ட தனி எக்ஸிகியூட்டரில் ஓட விடுங்கள்.

பேமென்ட்டை மூன்று துண்டாக உடைக்க வேண்டும். முதல் டிரான்சாக்‌ஷனில் ஆர்டரை "நிலுவை" என்ற நிலையோடு எழுதிக் கமிட் செய்யுங்கள். பிறகு, எந்த டிரான்சாக்‌ஷனும் திறந்திராத நிலையில் பேமென்ட் சேவையை அழையுங்கள். விடை வந்ததும் இரண்டாவது டிரான்சாக்‌ஷனில் நிலையை மாற்றுங்கள். நடுவில் சர்வர் விழுந்தால்? நிலுவையிலேயே சில நிமிடங்களாக நிற்கும் ஆர்டர்களை எடுத்து, பேமென்ட் சேவையிடம் நிலவரம் கேட்டுத் தீர்க்கும் ஒரு சிறிய நேர அட்டவணை வேலை தேவை. ஆர்டருக்கென்று மாறாத ஒரு அடையாள எண்ணைப் பேமென்ட் கோரிக்கையோடு அனுப்பினால் மறுமுயற்சியில் இரட்டைப் பிடித்தம் வராமல் தடுக்கலாம். உங்கள் பேமென்ட் சேவை அதை ஏற்கிறதா என்று அதன் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கூடுதல் சுமை என்று நினைக்க வேண்டாம். இப்போதுள்ள அமைப்பிலும் பணம் பிடித்தபின் கமிட் தோற்றால் ஆர்டர் காணாமல்தான் போகிறது.

உடைக்கும்போது ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தடிலிருந்து இன்னொரு டிரான்சாக்‌ஷனல் மெத்தடை நேராக அழைத்தால் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி முடிக்க இடையில் நிற்கும் ஸ்பிரிங்கின் ப்ராக்ஸி வழியாக அது போகாது, டிரான்சாக்‌ஷன் தொடங்கவே தொடங்காது. தனி கிளாஸுக்கு நகர்த்துங்கள், அல்லது டிரான்சாக்‌ஷன்டெம்ப்ளேட் வைத்து வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாவதே எனக்குப் பிடித்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது படிக்கிறவர் கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு எண்கள் இம்மியும் மாறவில்லை என்று நீங்கள் மறுபடி எழுதக்கூடும். அதற்குக் காரணமாகப் போவதுதான் நான் முதலில் சொன்ன அந்த மூன்றாவது இடம். ஸ்பிரிங் பூட்டில் ஜேபிஏவின் (ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலை) "ஓபன்-இன்-வியூ" இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. சேவை தொடங்கும்போது லாகில் ஒரு எச்சரிக்கை வரி வரும், எல்லோரும் கடந்துபோகும் வரி அது. இது இருக்கும்வரை ஹைபர்னேட் செஷன் கோரிக்கை முடியும்வரை திறந்திருக்கும், முதல் குவெரியில் எடுத்த கனெக்‌ஷனும் செஷனோடு கூடவே இருக்கும். முதல் டிரான்சாக்‌ஷன் கமிட் ஆனாலும் பேமென்ட் அழைப்பு நடக்கும் ஒன்றரை நொடியும் கனெக்‌ஷன் பூலுக்குப் போகாது. அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஆக்கியதும் சில பக்கங்களில் லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் (செஷன் மூடிய பிறகு தரவு கேட்டதால் வரும் பிழை) கிளம்பும். அதற்குப் பயந்துதான் பலர் திரும்ப இயக்கிவிடுகிறார்கள். கிளம்பும் இடங்களில் தேவையான தரவை சர்வீஸ் அடுக்கிலேயே ஃபெட்ச் ஜாயின் அல்லது டிடிஓ (தரவை மட்டும் சுமக்கும் எளிய ஆப்ஜெக்ட்) வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சோதனைச் சூழலில் ஓட விட்டால் பெரும்பாலான இடங்கள் வெளியே வந்துவிடும்.

கசிவைப் பற்றிக் கேட்டீர்கள். கசிவும் நெடுநேரம் பிடித்து வைப்பதும் பிழைச் செய்தியில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கூட்டம் குறைந்த பிறகு வேறுபாடு தெரியும். நள்ளிரவில், யாரும் இல்லாதபோது, ஹிகாரியின் ஆக்டிவ் எண் என்ன? பூஜ்யத்துக்குத் திரும்பினால் கசிவில்லை. இன்று இரவு 2, நாளை 4, மறுநாள் 7 என்று ஏறிக்கொண்டே போனால் கசிவு. ரீஸ்டார்ட்டால் சரியாவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது கசிவையும் அழிக்கும், வரிசையையும் கலைக்கும்.

கசிவு என்று தெரிந்தால் லீக்-டிடெக்‌ஷன்-த்ரெஷோல்டை 10000 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். இயல்பில் அது 0, அதாவது அணைந்திருக்கும். 2000-க்குக் கீழே ஏற்காது. அந்த நேரத்தைத் தாண்டி வெளியே இருக்கும் கனெக்‌ஷனை எந்தக் கோடு வரி எடுத்தது என்று ஸ்டாக் டிரேஸோடு லாகில் எழுதும். எழுதுவதோடு சரி, பிடுங்கித் திரும்ப வைக்காது. அதே கனெக்‌ஷன் பின்னால் திரும்பி வந்தால் அதையும் இன்னொரு வரியில் சொல்லும். அந்த இரண்டாம் வரி வந்தவை கசிவல்ல, மெதுவான வேலை. வராமலே போனவைதான் உண்மையான கசிவு.

ஸ்பிரிங்கின் டிரான்சாக்‌ஷனை மட்டும் பயன்படுத்தும் கோடில் கசிவு அபூர்வம். டேட்டாபேஸை நேராகத் தொடும் பழைய ஜேடிபிசி கோடு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே தேடுங்கள். ஜாவா 7-லிருந்து டிரை-வித்-ரிசோர்சஸ் இருக்கிறது, அதிலும் தப்பு செய்ய இடம் உண்டு. டிரை அடைப்புக்குள் கெட்கனெக்‌ஷனையும் பிரிப்பேர்ஸ்டேட்மென்டையும் ஒரே சங்கிலியாக எழுதினால் மூடப்படுவது ஸ்டேட்மென்ட் மட்டும். கனெக்‌ஷனுக்கு மாறி இல்லாததால் அதை மூட யாரும் இல்லை. இரண்டையும் தனித்தனி மாறிகளாக அறிவியுங்கள். ஸ்ட்ரீமாக விடை தரும் மெத்தடுகளும் அப்படியே: அந்த ஸ்ட்ரீமை மூடாவிட்டால், சுற்றி டிரான்சாக்‌ஷனும் இல்லாவிட்டால், கனெக்‌ஷன் போனது போனதுதான்.

உச்ச நேரத்தில் மூன்று பார்வை ஒரே சமயத்தில் வேண்டும். ஹிகாரியின் ஆக்டிவ், ஐடில், பெண்டிங் எண்கள். ஐந்து நொடி இடைவெளியில் மூன்று முறை எடுத்த த்ரெட் டம்ப். போஸ்ட்கிரெஸின் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி காட்சியை ஸ்டேட் வாரியாக எண்ணிய விடை. கடைசியதுதான் வழக்கைத் தீர்க்கும். "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" நிறைய இருந்தால் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு ஜாவா பக்கம் வேறு ஏதோ நடக்கிறது, உங்கள் பேமென்ட் இப்படித்தான் தெரியும். "ஆக்டிவ்" நிறைய என்றால் குவெரிதான் மெதுவு, அல்லது லாக்குக்குக் காத்திருக்கிறது. ஹிகாரி எல்லாம் வெளியே இருக்கிறது என்கிறது, போஸ்ட்கிரெஸோ வெறும் "ஐடில்" என்கிறது என்றால் ஓபன்-இன்-வியூ, அல்லது கசிவு. கனெக்‌ஷன் யூஆர்எல்லில் அப்ளிகேஷன்நேம் கொடுத்து ஒவ்வொரு சேவைக்கும் பெயர் வைத்துவிட்டால் எந்த வரி யாருடையது என்று தேட வேண்டியதில்லை.

நேர வரம்புகளையும் தொடுங்கள். கனெக்‌ஷன்-டைம்அவுட் 30 நொடி என்பது மிக அதிகம். பயனர் அதற்குள் இரண்டு முறை பக்கத்தைப் புதுப்பித்து வரிசையை இன்னும் நீட்டியிருப்பார். 3 நொடி வையுங்கள், சீக்கிரம் தோற்பது இங்கே நல்லது. போஸ்ட்கிரெஸில் ஐடில்-இன்-டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட்டை 60 நொடி வைத்தால் மறந்துபோன டிரான்சாக்‌ஷன் லாக்கைப் பிடித்துக்கொண்டு, பழைய வரிகளைத் துப்புரவாக்கும் வேக்கூமை மணிக்கணக்கில் தடுப்பது நிற்கும். டிரைவரின் சாக்கெட்-டைம்அவுட் இயல்பில் எல்லையற்றது, நெட்வொர்க் சத்தமில்லாமல் அறுந்தால் த்ரெட் அங்கேயே கிடக்கும். ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டைவிடச் சற்று அதிகமாக ஒரு மதிப்புக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸ் டிரைவரில் இது நொடிக் கணக்கு, மைஎஸ்கியூஎல் டிரைவரில் மில்லிசெகண்ட். 30 என்று நகலெடுத்து ஒட்டினால் அங்கே 30 மில்லிசெகண்டில் எல்லாக் குவெரியும் அறுபடும். மேக்ஸ்-லைஃப்டைம் இயல்பு 30 நிமிடம். நடுவில் ஃபயர்வாலோ லோட் பேலன்சரோ கனெக்‌ஷனுக்கு ஆயுள் வரம்பு வைத்திருந்தால் அதைவிடச் சில நொடிகள் குறைவாக வையுங்கள்.

பூல் எண்ணுக்கு வருவோம். சர்வருக்கு 10 என்றால் நான்குக்கு 40. புது பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் சில நிமிடங்களில் 80. 97-ல் மீதி 17 இருக்கிறது: மைக்ரேஷன், பேக்கப், கையால் உள்ளே போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் அடங்க வேண்டும். சர்வர் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டும் ஏற்பாடு இருந்தால் அதன் உச்ச எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை நடுவில் வைப்பது அடுத்த படி. அதன் டிரான்சாக்‌ஷன் முறையில் செஷன் அளவிலான செட் கட்டளைகளும் அட்வைசரி லாக்கும் வேலை செய்யாது என்பது நினைவிருக்கட்டும். அறிக்கைகள், இரவு வேலைகள் இருந்தால் அவற்றுக்கு 2 அல்லது 3 கனெக்‌ஷனோடு தனி பூல் கொடுங்கள், நீண்ட குவெரி ஆர்டர் பாதையை அடைக்காது. ஜாவா 21-க்குப் போய் விர்ச்சுவல் த்ரெட் இயக்கும் எண்ணம் இருந்தால் தணிக்கை விஷயத்தைத் தீர்த்துவிட்டுப் போங்கள். டாம்கேட்டின் 200 என்ற வாசல் அங்கே இருக்காது, எல்லாக் கூட்டமும் நேராகப் பூலில்தான் வந்து முட்டும்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் லீக் கண்டறிதலும் அளவீடும். அடுத்து தணிக்கை, அது ஒரு நாள் வேலைதான். பிறகு ஓபன்-இன்-வியூ, அதன்பின் பேமென்ட் உடைப்பு. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு உச்ச நேரத்தைக் கடக்க விட்டு ஆக்டிவ் எண்ணின் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 5-க்குக் கீழே வந்து ஒரு வாரம் நின்ற பிறகு பூலை 50-லிருந்து 20, பின் 10 என்று இறக்குங்கள். மினிமம்-ஐடில் வரியை அழித்துவிடுங்கள். பெண்டிங் எண் தொடர்ந்து ஒரு நிமிடம் பூஜ்யத்துக்கு மேல் நின்றால் அலாரம் அடிக்கும்படி வையுங்கள். அந்த அலாரம் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது பூல் அளவை அல்ல, கனெக்‌ஷன் பயன்பாட்டு நேரத்தின் வரைபடத்தை.